375 ஜிபி எங்கிருந்து வந்தது? பெரிய டிஸ்குகளும் 1983-இன் பதினாறு பைட்டுகளும்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த 3 டெராபைட் எக்ஸ்டெர்னல் டிஸ்க் அன்றைக்குக் கண்ணை மூடியது. விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன், ம்ஹூம்.

2012-இல் வாங்கியது. அதில் இருந்தது என் பதினோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். ஊர் ஊராகப் போய் எடுத்த கல்வெட்டுப் படங்கள், நண்பர்கள் கொடுத்த மைப்படிகளின் ஸ்கேன், களக் குறிப்புகள். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். பாதிக்கு இருந்தது. 2017 வரைக்கும் ஒழுங்காக டிவிடியில் எழுதி வைத்தேன், அப்புறம் சோம்பல். அந்த மீதிப் பாதியில் ஒரு சின்னக் கோயிலின் அதிட்டானப் படங்கள் இருந்தன. பிறகு நடந்த திருப்பணியில் அந்தக் கல்லை மணல் வீசித் தேய்த்துவிட்டார்கள். மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எழுத்து இப்போது அங்கே இல்லை.

டப்பாவின் மூடியைக் கழற்றினால் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க். போனது யூஎஸ்பி பலகை மட்டும்தான். 'அப்பாடா' என்று டிஸ்கை எடுத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் நேராகவே மாட்டினேன். டிஸ்க் சுழன்றது, கர்னல் அடையாளம் கண்டது, எஃப்டிஸ்கில் பட்டியல் கேட்டேன். டிஸ்கின் அளவு 3 டெராபைட், சரி. உள்ளே ஒரே ஒரு பார்ட்டிஷன். அதன் அளவு 375 ஜிபி.

மவுண்ட் பண்ணினால், சூப்பர்பிளாக் சரியில்லை என்று வந்தது.

"என்னங்க, போட்டோ எல்லாம் போச்சா?" என்றாள் மனைவி.

"போகல. அளவுதான் தப்பாத் தெரியுது" என்றேன். தைரியமாகச் சொன்னேனே தவிர வயிற்றைக் கலக்கியது உண்மை.

இந்த இடத்தில்தான் பலர் டேட்டாவை இழக்கிறார்கள். பார்ட்டிஷன் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, அதை ஃபார்மேட்டும் செய்துவிடுவார்கள். நான் அன்றைக்கு ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தேன். 3000-ஐ 375-ஆல் வகுத்தால் 8. மிச்சமில்லாமல் வகுபடுகிற எண் தற்செயலாக வராது. டிஸ்க் கெட்டுப்போனால் குப்பை எண் வரும், இவ்வளவு அழகான எண் வராது. யாரோ சரியாக எழுதிய கணக்கை வேறு யாரோ தப்பாகப் படிக்கிறார்கள்.

அந்தக் கணக்கை எழுதும் முறை எங்கே தொடங்கியது என்று பார்க்க 1983-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டியை வெளியிட்டது. ஐபிஎம் பிசி வரிசையில் ஹார்ட் டிஸ்கோடு வந்த முதல் மாடல் அது. டிஸ்கின் அளவு 10 எம்பி. ஒரு டிஸ்கை இரண்டு மூன்று ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையில், கூடவே வந்த பிசி டாஸ் 2.0 டிஸ்கின் முதல் செக்டரில் ஒரு சின்ன அட்டவணையை வைத்தது. செக்டர் என்பது டிஸ்கைப் பிரித்து வரிசை எண் போட்ட துண்டு, ஒவ்வொன்றும் 512 பைட். அந்த முதல் துண்டில் 446 பைட் பூட் நிரல், பிறகு ஆளுக்கு 16 பைட்டாக நாலு பங்குதாரருக்கு 64 பைட், கடைசியில் முத்திரையாக 2 பைட். மொத்தம் 512. எம்பிஆர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த 16 பைட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். முதல் பைட், இதிலிருந்து பூட் பண்ணலாமா என்ற கொடி. அடுத்த 3 பைட், பங்கு தொடங்கும் இடம், சிலிண்டர்-தலை-செக்டர் முகவரியில். ஒரு பைட், இது எந்த வகை என்று. 3 பைட், முடியும் இடம், அதே முகவரி முறையில். பிறகு 4 பைட்டில் தொடக்க செக்டரின் வரிசை எண். கடைசி 4 பைட்டில் மொத்தம் எத்தனை செக்டர் என்ற எண்ணிக்கை.

இதைச் செய்தவர்களைக் கஞ்சர்கள் என்று இன்றைக்கு எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்டியின் டிஸ்கில் 306 சிலிண்டர், 4 தலை, ஒரு தடத்துக்கு 17 செக்டர். பெருக்கினால் 20,808 செக்டர். அதை எழுத அவர்கள் ஒதுக்கியது 32 பிட், அதாவது 429 கோடி வரை எண்ணலாம். அன்றைய தேவையைப் போல 2 லட்சம் மடங்கு. பிள்ளைக்கு வளர்கிற உடம்பு என்று சட்டையைப் பெரிதாகத் தைப்பார்களே, அதில்கூட இவ்வளவு தாராளம் கிடையாது. அதே டாஸின் ஃபைல் சிஸ்டம் செக்டர் எண்ணிக்கைக்கு 16 பிட்தான் வைத்திருந்தது. 65,536 செக்டர், 32 எம்பியோடு சரி. 1980களின் கடைசியிலேயே அது போதாமல் போய் மாற்ற வேண்டி வந்தது. அட்டவணையின் 32 பிட்டோ 27 வருஷம் தாக்குப்பிடித்தது.

அவர்கள் விட்டது வேறொன்று. எத்தனை செக்டர் என்று எழுதினார்கள். ஒரு செக்டர் எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. 512 என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள்.

கல்வெட்டு வாசிக்கிறவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நெல் இவ்வளவு என்று வரும் இடத்தில், 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்த நெல் என்று மரக்காலின் பெயரையும் வெட்டியிருப்பார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பது வெட்டியவருக்குத் தெரியும். எட்டு நாழி ஒரு குறுணி. நாழி என்று எழுதியதைக் குறுணி என்று படித்தால் நெல் எட்டு மடங்காகும், மாற்றிப் படித்தால் எட்டில் ஒன்றாகும். இந்த எட்டுக்குப் பிறகு வருகிறேன்.

32 பிட் எண்ணிக்கை அதன் எல்லையைத் தொடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுச் சண்டைகள் நிறைய நடந்தன. 3 பைட் முகவரியில் சிலிண்டருக்கு 10 பிட், தலைக்கு 8, செக்டருக்கு 6. பயாஸ் பேசுவதும் இதே மொழி. 1024 சிலிண்டர், டாஸின் ஒரு பிழையால் 256-க்குப் பதில் 255 தலை, 63 செக்டர். பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. ஆனால் ஐடிஇ டிஸ்குகள் 16 தலைக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. பயாஸ் 1024 சிலிண்டருக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. ஒவ்வொன்றிலும் சின்னதை எடுத்தால் 1024, 16, 63. கணக்குப் போட்டால் 528 எம்பி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தாராளமான முறைகள்தான், சேர்ந்தபோது அரை ஜிபிக்கு மேல் போக முடியவில்லை. 1990களின் நடுவில் பயாஸ்காரர்கள் பொய்த் தலைகள் காட்டி இதைச் சமாளித்தார்கள். டிஸ்கில் உண்மையில் இருப்பது நாலு தலை, பயாஸ் சொல்வது 255. அன்றிலிருந்து சிலிண்டர் எண் என்பது வெறும் கற்பனைதான்.

லினக்ஸுக்கு இந்தக் கற்பனையால் வந்த தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. பூட் ஆன பிறகு லினக்ஸ் பயாஸைக் கேட்காமல் டிஸ்கோடு நேராகப் பேசும், அதனால் முழு டிஸ்கும் தெரியும். பூட் செய்யும் லைலோவோ பயாஸை நம்பித்தான் இருந்தது. கர்னல் ஃபைல் 1024-ஆவது சிலிண்டரைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால் லைலோவுக்கு அது எட்டாது. நான் பிஇ படித்த காலத்தில், பிசி க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை வைத்து ஹாஸ்டல் நண்பனின் 10 ஜிபி டிஸ்கில் நிறுவினோம். முன்பக்கம் 8 ஜிபியும் விண்டோஸ் 98, லினக்ஸுக்கு வால் பக்கம். ரீபூட் பண்ணினால் திரையில் 'எல்ஐ' என்று இரண்டு எழுத்து, அவ்வளவுதான். லைலோ தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டித்தான் அச்சிடும், இரண்டோடு நின்றால் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளலாம். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்ஐசி மாதிரி இருக்கே என்று சிரித்துவிட்டு ராத்திரி முழுக்க மறுபடி மறுபடி நிறுவினோம். டிஸ்கின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு பூட் பார்ட்டிஷன் போடும் பழக்கத்துக்கு இந்த 1024 ஒரு முக்கியக் காரணம். அந்தத் தேவை போய் இருபது வருஷம் ஆனாலும் பழக்கம் போகவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு ஆவணம். ஆண்ட்ரீஸ் பிரவர் என்ற டச்சுக் கணிதப் பேராசிரியர் எழுதிய லார்ஜ் டிஸ்க் ஹவ்டூ. 1996-இல் தொடங்கி வருஷக்கணக்கில் திருத்திக்கொண்டே வந்தார். கிராஃப் கோட்பாட்டில் பெரிய ஆள். லினக்ஸ் எஃப்டிஸ்கை முதலில் 1992-இல் எழுதியவர் ஏ. வி. லெ பிளாங்க், பிறகு அதைப் பல காலம் பராமரித்தவர் பிரவர். அந்த ஹவ்டூவைப் படித்தால் கணித ஆசிரியரின் கை தெரியும். ஒவ்வொரு எல்லையையும் எத்தனை பிட், எதோடு எதைப் பெருக்கினால் வருகிறது என்று விரித்துக் காட்டியிருப்பார். டிஸ்க் காட்டும் தப்பான அளவைப் பார்த்து, எந்தப் பெருக்கல் எங்கே உடைந்தது என்று பின்னோக்கிப் போகும் வித்தையை நான் கற்றது அங்கேதான். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. 528 எம்பி தெரிகிறதா, பயாஸும் ஐடிஇயும் சேர்ந்த கோளாறு. 8.4 ஜிபியா, 1024 சிலிண்டர். 33.8 ஜிபியா, சிலிண்டர் எண் 16 பிட்டில் நிரம்பிவிட்டது. சில பயாஸ்கள் அதற்கு மேலான டிஸ்கைக் கண்டாலே உறைந்துபோகும், அதற்காக டிஸ்கின் பின்னால் ஒரு ஜம்பரைப் போட்டு அளவைக் குறைத்துக் காட்டுவார்கள். அந்த ஜம்பரை மறந்துவிட்டு, டிஸ்க் போச்சு என்று புலம்பியவர்களும் உண்டு. 137 ஜிபியா, ஏடிஏவின் 28 பிட் முகவரி.

137 கொஞ்சம் கொடூரமானது. முந்தைய எல்லைகளில் பெரும்பாலும் அளவு குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே 48 பிட் முகவரி தெரியாத பழைய டிரைவர், எல்லை தாண்டிய எண்ணின் மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு மீதியை டிஸ்குக்கு அனுப்பும் வாய்ப்பு இருந்தது. பழைய ஸ்கூட்டர் ஓடோமீட்டர் 99,999 தாண்டினால் 00,000 ஆகுமே, அதே கதை. 140-ஆவது ஜிபியில் எழுத வேண்டியது 3-ஆவது ஜிபியில் போய் விழும். அங்கே ஏற்கெனவே இருந்தது காலி. அதுவும் டிஸ்க் முக்கால்வாசி நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும், பிறகுதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது 2 டெராபைட். 32 பிட் எண்ணிக்கை, 512 பைட் செக்டர். பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட், 1024-ஆல் வகுக்கும் கணக்கில் சரியாக 2. தனி டிஸ்க் அந்த அளவை எட்டும் முன்பே ரெய்டு போட்ட சர்வர்கள் எட்டிவிட்டன. பத்துப் பன்னிரண்டு டிஸ்கைச் சேர்த்து ஒன்றாகக் காட்டினால் 2 டெராபைட் தாண்டத்தானே செய்யும். 32 பிட் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் 2.4 கர்னலின் செக்டர் எண் 32 பிட்தான். 2003 டிசம்பரில் வந்த 2.6-இல் அதை 64 பிட்டாக்கும் வசதி வந்தது. கர்னலைத் தயாரிக்கும்போது அதை இயக்க வேண்டும். மறந்துபோனால் அம்பேல்.

ஸ்கசி உலகத்தில் இதற்கு ஒரு நாகரிகமான வழி வைத்திருந்தார்கள். உன் கொள்ளளவு என்ன என்று பழைய பத்து பைட் கட்டளையால் கேட்டால், 32 பிட்டில் அடங்காத டிஸ்க் எல்லா பிட்டிலும் 1 போட்டுத் திருப்பி அனுப்பும். 'எனக்கு இந்தக் கட்டம் பத்தாது, பெரிய படிவம் கொடு' என்று பொருள். உடனே கர்னல், மிகப் பெரிய சாதனம், பதினாறு பைட் கட்டளையை முயல்கிறேன் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி கேட்கும். அந்த வரியை முதலில் பார்த்தபோது கர்னல் கொஞ்சம் மிரண்டுபோய் எழுதிய மாதிரி எனக்குத் தோன்றியது.

எல்லாரும் இவ்வளவு நாகரிகமாக இல்லை. பழைய யூஎஸ்பி பாலச் சிப்புகள் பலவற்றுக்குப் பதினாறு பைட் கட்டளை தெரியாது. அவற்றில் 3 டெராபைட் டிஸ்கை மாட்டினால் 801 ஜிபி என்று காட்டும், 1024 கணக்கில் 746. டிஸ்கின் 586 கோடி செக்டரிலிருந்து 429 கோடியைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் 156 கோடிச் சொச்சம். அதை 512-ஆல் பெருக்கினால் அந்த 801. டிஸ்க் 746 ஜிபி மட்டும் தெரிகிறதே என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, நடுவுல இருக்கிற சிப்பை மாத்துங்க என்று சொல்லலாம். 4 டெராபைட் டிஸ்கானால் அதே கோளாறு 1.8 டெராபைட்டாகத் தெரியும்.

இதற்கெல்லாம் மாற்று 1990களின் பின்பகுதியிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. இன்டெல் தன் இட்டானியம் சர்வர்களுக்காக பயாஸை மொத்தமாக விட்டுவிட்டு ஈஎஃப்ஐ என்ற புது முறையை எழுதியபோது, கூடவே பிறந்தது ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை. இட்டானியம் போன இடம் தெரியவில்லை. அதற்காக எழுதிய அட்டவணை இன்றைக்கு உலகம் பூரா ஓடுகிறது. செக்டர் எண்ணுக்கு 64 பிட். வழக்கமாக 128 பார்ட்டிஷன், ஒவ்வொன்றுக்கும் 128 பைட். தலைப்புக்கும் அட்டவணைக்கும் சரிபார்ப்பு எண். டிஸ்கின் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல். முதல் செக்டரில் பழைய எம்பிஆர் மாதிரி ஒரு பொம்மையும் உண்டு, டிஸ்க் முழுவதும் ஒரே பங்கு என்று காட்டும். ஜிபிடி தெரியாத பழைய நிரல் வந்து, காலியான டிஸ்க் போல என்று நினைத்து எழுதிவிடக்கூடாதே, அதற்கான திருஷ்டிப் பொம்மை.

லினக்ஸ் கர்னல் ஜிபிடியைச் சீக்கிரமே படிக்கக் கற்றுக்கொண்டது. கற்காமல் அடம்பிடித்தது எல்லாரும் பயன்படுத்திய எஃப்டிஸ்க். பார்ட்டெட் என்ற க்னூ கருவிக்குத் தெரியும், 2009-இல் ராட் ஸ்மித் எழுதிய ஜிடிஸ்குக்குத் தெரியும். எஃப்டிஸ்கோ பொம்மையைப் பார்த்துவிட்டு, இங்கே ஜிபிடி இருக்கிறது, எனக்கு அது தெரியாது, பார்ட்டெட்டிடம் போ என்று எச்சரித்துவிட்டு, ஆனாலும் வேலை செய்ய அனுமதிக்கும். புது டிஸ்காக இருந்தால் 2199023255040 பைட்டுக்கு மேல் இந்த முறை செல்லாது என்று கமா கூட இல்லாமல் ஒரு எண்ணைக் கொட்டும். அந்த எண்ணைப் படிக்கிற பொறுமை ராத்திரி இரண்டு மணிக்கு எந்த அட்மினுக்கு இருக்கும்? எச்சரிக்கையைத் தாண்டி என்டர் தட்டியவர்கள் உண்டு. எஃப்டிஸ்க்குக்கு ஜிபிடி வந்தது 2013-இல், யூட்டில்-லினக்ஸ் 2.23-இல். 3 டெராபைட் டிஸ்குகள் கடைக்கு வந்து மூன்று வருஷம் கழித்து. கைக்குப் பழகிய கருவியை விட்டு மக்கள் நகர மாட்டார்கள் என்பதைப் பராமரிப்பாளர்கள் முன்பே கணக்கில் எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஓசியில் உழைத்தவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

ஈஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் ஜிபிடி டிஸ்கிலிருந்து பூட் பண்ண முடியுமா? க்ரப் முடியும் என்றது. ஆனால் அதுவரை அது எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் ஓசிக்குடித்தனம் இருந்தது. ஜிபிடியில் அந்த இடத்தில் அட்டவணை உட்கார்ந்துவிட்டது. அதனால் ஒரு எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் என்று தனியாக ஒன்று வேண்டும், இல்லையென்றால் நிறுவும்போது க்ரப் மறுத்துவிடும். ஜிபிடியில் ஒவ்வொரு வகைக்கும் 16 பைட்டில் ஒரு அடையாளம் உண்டு. இந்த வகையின் அடையாள பைட்டுகளை டிஸ்கில் இருக்கும் வரிசையில் ஆங்கில எழுத்தாகப் படித்தால், 'ஹா! எனக்கு ஈஎஃப்ஐ வேண்டாம்' என்று வரும். நிஜமாகத்தான்.

இப்போது என் டிஸ்க்.

2010-இல் 3 டெராபைட் டிஸ்குகள் விற்பனைக்கு வந்தபோது கம்பெனிகளுக்கு ஒரு சிக்கல். வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் இன்னும் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தார்கள், அதற்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. எம்பிஆரோ 2.2 டெராபைட்டில் நிற்கும். கம்ப்யூட்டருக்கு உள்ளே மாட்டும் டிஸ்க் என்றால் வழியில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் முதல் 3 டெராபைட் டிஸ்கோடு ஒரு கன்ட்ரோலர் அட்டையையும் சேர்த்தே விற்றது. வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஸ்கானால் ஒரு தந்திரம் செய்யலாம். நடுவில் இருக்கும் பலகை, டிஸ்கின் எட்டெட்டு செக்டரை ஒன்றாகக் கட்டி, 'என் செக்டர் 4096 பைட்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். எம்பிஆரின் 32 பிட் அப்படியே இருக்கும், ஆனால் எல்லை எட்டு மடங்காகி 17 டெராபைட்டைத் தாண்டிவிடும். எக்ஸ்பியும் மறுபேச்சில்லாமல் படிக்கும். 1983-இல் செக்டரின் அளவை எழுதாமல் விட்டார்களே, அந்த ஓட்டையில்தான் இந்தக் கெட்டிக்காரத்தனம் நுழைந்தது.

டப்பாவோடு இருக்கும் வரை சிக்கலே இல்லை. டப்பா செத்து டிஸ்கை நேராக மாட்டினால், டிஸ்க் தன் உண்மையான 512-ஐச் சொல்லும். அட்டவணையில் இருக்கும் எண்ணோ 4096 கணக்கில் எழுதியது. குறுணியில் எழுதியதை நாழியில் படிக்கிறோம். அட்டவணையைப் பார்த்தேன், தொடக்கம் 256, எண்ணிக்கை 73,25,66,272. 4096-ஆல் பெருக்கினால் 3 டெராபைட், 512-ஆல் பெருக்கினால் 375 ஜிபி. சரிதான்.

அப்படியானால் பார்ட்டிஷன் உண்மையில் தொடங்குவது 256 பெருக்கல் 4096, அதாவது 10,48,576-ஆவது பைட்டில். வாங்கிய அன்று தொழிற்சாலை போட்ட பார்ட்டிஷனைத் தொடாமல் அதன் மேலேயே ஈஎக்ஸ்டி4 போட்டிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. ஈஎக்ஸ்டி4-இன் சூப்பர்பிளாக் பார்ட்டிஷன் தொடங்கி 1024 பைட் தள்ளி இருக்கும், அதற்குள் 56 பைட் தள்ளி இரண்டு பைட் முத்திரை. கூட்டினால் 10,49,656. அந்த இடத்தில் இரண்டே இரண்டு பைட் மட்டும் படிக்கச் சொன்னேன். 53, ஈஎஃப். அதேதான். நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பிறகு செய்தது சின்ன வேலை. அட்டவணையை நம்பாமல், முழு டிஸ்கையும் ஒரு லூப் சாதனமாக, 10,48,576 பைட் தள்ளி ஆரம்பி என்று சொல்லி, படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு, ஜர்னலையும் தொடாதே என்று மவுண்ட் செய்தேன். ஃபோல்டர்கள் வந்தன. அந்த அதிட்டானத்தைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். புதிதாக வாங்கிய டிஸ்குக்கு எல்லாவற்றையும் நகலெடுக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நகலைச் சரிபார்த்து முடிக்கும் வரை பழைய டிஸ்கில் ஒரு பைட் எழுதவில்லை.

அதன் பிறகு ஆசைக்கு, பழைய டிஸ்கின் அட்டவணையையும் திருத்திப் பார்த்தேன். ஜிபிடி போட்டு, பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டரில் தொடங்கச் சொன்னேன், 256-ஐ எட்டால் பெருக்கினால் அதுதான். முடிவையும் எட்டால் பெருக்கி வைத்தேன். ஜிபிடியின் முன்பக்க அட்டவணை முதல் 34 செக்டரில் அடங்கிவிடும், பின்பக்க நகலுக்கு 33 செக்டர் வேண்டும். கடைசியில் 944 செக்டர் காலியாகக் கிடந்தது, எதன் மேலும் இடிக்கவில்லை. ஃபார்மேட் எதுவும் செய்யவில்லை. சாதாரணமாகவே மவுண்ட் ஆனது.

ஒரு சின்ன ஏமாற்றம், ஜிபிடியும் செக்டரின் அளவை எங்கும் எழுதுவதில்லை. தன் தலைப்பு 1-ஆவது செக்டரில் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்கிறது. 4096 என்று சொல்லும் டப்பாவில் ஜிபிடி போட்டு, பிறகு நேராக மாட்டினால் தலைப்பு 4096-ஆவது பைட்டில் இருக்கும், கர்னல் 512-ஆவது பைட்டில் தேடும். 375 ஜிபியாவது என்ன நடந்தது என்று சொன்னது, இங்கே கர்னலுக்குப் பார்ட்டிஷனே இல்லாத டிஸ்க் போலத் தெரியும். தேடுபவர் அந்த 4096-ஐ நினைவில் வைத்திருந்தால் பிழைத்தார். புதிய கர்னல்களில் லூப் சாதனத்துக்கே செக்டர் அளவை 4096 என்று சொல்லித் திறக்கும் வசதி இருக்கிறது, இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கும்.

2 டெராபைட்டுக்கு மேல் வேறு எல்லை இல்லையா என்றால், 16 டெராபைட்டில் ஒன்று இருந்தது. ஈஎக்ஸ்டி4-க்கு பிளாக் எண் 32 பிட்டாக இருந்தவரை, பிளாக் 4096 பைட், ஆகவே 16. ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.42 வந்த 2011 வரைக்கும் அதற்கு மேல் ஃபைல் சிஸ்டம் உருவாக்கவே முடியாது. 32 பிட் லினக்ஸில் பேஜ் கேச் கணக்கும் அதே இடத்தில் முடியும். வீட்டு ரவுட்டரிலும் பழைய என்ஏஎஸ் பெட்டியிலும் 18 டெராபைட் டிஸ்கை மாட்டிவிட்டுத் தவிப்பவர்கள் முதலில் அந்தப் பெட்டி 32 பிட்டா என்று பார்க்கட்டும்.

பழைய டிஸ்க் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், உப்புக்கட்டிப் பொட்டலத்தோடு பீரோவில் இருக்கிறது. மேலே ஒரு தாள் ஒட்டி மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஜிபிடி, தொடக்கம் 2048, ஈஎக்ஸ்டி4, செக்டர் 512 பைட்.